தபாலில் வந்த யோக்கியதை

சம்பளம் போட்ட மறுநாள் காலையிலே பாடாங் செராய்க் கடைத்தெருவில் காப்பிக் கடைகளில் இடம் கிடைப்பது அரிது. சென்ற மாதம் அத்தகையதொரு காலையில், தோட்டத்துக் கிராணிமார் இருவர், லாரிக் குத்தகைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர், இவர்களோடு நாமுமாக ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அவ்வழியே ஓர் அம்மையார் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் புத்தகப் பை தொங்க விரைந்து சென்றார். அவர் நம் தோட்டத்துப் பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். வயது முப்பத்தைந்தைக் கடந்தவர். "எங்கே இவ்வளவு அவசரம்?" என்று ஒருவர் கேட்க, "தபாலிலே வாத்தியாராகப் போகிறதாம்" என்று மற்றொருவர் விடை பகர்ந்தார். மேசை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்கு அபராதமாகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். இந்நாளில் பாடம் தபாலில் வருவதில்லை; கணினி வழியும் கைத்தொலைபேசி வழியுமே வருகிறது. ஆனால் ஏளனம் மட்டும் இன்னும் பழைய தபாலிலேயே வந்துகொண்டிருக்கிறது!

சிரித்தவர்கள் யார் என்பதை முதலில் பார்ப்போம். நாம் பினாங்கில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியே படித்தவர். தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். நம்மைப் போன்ற கிராணி வர்க்கத்தார்க்குத் தமிழ் உபாத்தியாயரைக் கண்டால் ஓர் இளக்காரம் பரம்பரைச் சொத்தாக இறங்கி வந்திருக்கிறது. ஆனால் நம் வர்க்கம் தலை நிமிர்ந்ததே தபாலாலல்லவா? 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் தொடங்கியவுடனே ஐசக் பிட்மன் தமது சுருக்கெழுத்தைத் தபாலில் பாடமாக அனுப்பி, மாணாக்கர் எழுதியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியில் அமர்ந்து படித்தவர்க்கே பரீட்சை என்ற கட்டுப்பாட்டை நீக்கிற்று. அதன் பின்னர்க் கடல் கடந்த ஊர்களிலிருந்தோரும் வீட்டிலிருந்தபடியே படித்து லண்டன் பரீட்சை எழுதினர். சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு, மெட்ரிகுலேஷன் என்று கிராணிமார் எத்தனை பேர் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலே தபால் பாடம் படித்திருப்பர்! அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினால் அது கௌரவம். அதே வழியில் ஒரு தோட்டத்துப் பெண் வாத்தியாராகப் படித்தால் அது கேலி. லண்டனிலிருந்து வந்தால் தபாலும் தங்கமாகும் போலும்!

நெல்சன் மண்டேலா சிறைவாசத்தினூடேயே படித்து 1989இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றார். அவரைத் தபால் வக்கீல் என்று எவரும் நகைத்ததாக நாம் கேள்வியுற்றதில்லை.

அம்மையாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையாகாது. அவர் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் உழைத்தவர். திருமணத்திற்குப் பின் பாலர் வகுப்பில் துணைக்குச் சேர்ந்து, பத்தாண்டுகளாகப் பிள்ளைகளோடு இருப்பவர். இப்போது தொலைக்கல்வியில் பட்டயம் படிக்கிறார். பாடங்கள் ஆங்கிலத்தில். தாம் எழுதிய ஒப்படைப்பை ஒரு நாள் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து, "ஐயா, இங்கிலீஷை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றார். நாம் சிவப்பு மையெடுத்து, ஒருமை பன்மைகளையும் கால வேறுபாடுகளையும் வெகு கம்பீரமாகத் திருத்திக் கொடுத்தோம். பக்கத்துக்குப் பத்துச் சிவப்புக் கோடுகளாவது இருக்கும். அவர் நன்றி கூறிச் சென்றார்.

காப்பிக் கடைச் சிரிப்புக்குப் பின், நம் கணினியில் தங்கியிருந்த அதன் படியை மறுபடியும் எடுத்து, இலக்கணத்தை விட்டுவிட்டுப் பொருளைப் படித்தோம். வெட்கித் தலை குனிந்தோம். அதில் அவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார். ஐந்து வயதுப் பையன். இருபது வரை எண்ணச் சொன்னால், பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று வந்து, அடுத்ததைப் 'பதினொன்பது' என்பான். மற்றப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். அம்மையார் எழுதியிருந்தது இது: இவன் மந்தபுத்தியால் தவறவில்லை, பதினொன்று முதல் வரும் ஒழுங்கைத் தானே கண்டுபிடித்து, அதை இறுதிவரை கொண்டு செல்கிறான், மொழிதான் அவ்விடத்தில் வழி மாறுகிறது. எனவே அவனை அதட்டாமல், ஒரு சிரட்டையில் ரப்பர் விதை பத்தைப் போட்டு, வெளியே ஒன்பதை வைத்து, "இது பத்து, இது ஒன்பது, சேர்த்துச் சொல்" என்றாராம். "பத்து... ஒன்பது... பத்தொன்பது!" என்று அவனே கூவினானாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் எண்ணி வருகிற நமக்கு, பத்தொன்பது என்ற சொல் தன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து நிற்பது ஒரு நாளும் தோன்றியதில்லை. நாம் அந்தப் பக்கத்தில் கண்டது ஒரு வினைச்சொல் பிழையை மட்டுமே! இதுவன்றோ ஆங்கிலம் கற்ற கர்வம் கண்ணை மறைக்கும் விதம்? அவர் அந்தப் பையனைக் கவனித்தது பத்தாண்டுப் பழக்கத்தால். கவனித்ததற்குப் பொருள் காணக் கற்றுக் கொடுத்தது அவர் படிக்கும் பாடம். பழக்கம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவரும் மற்றவர்களைப்போல் அதட்டியே இருப்பார் என்று அவரே எழுதியிருந்தார்.

இனி, யோக்கியதையைப் பற்றி வாய் கிழியப் பேசுவோர் நம் தோட்டப் பள்ளிகளின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்றது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலமாயினும் இங்கும் தோட்டப் பள்ளியின் கோலம் வேறாக இருக்கவில்லை. லயத்தின் ஓரத்திலே ஒரு கொட்டகை. அதிலே எல்லா வகுப்பும் ஒன்றாக. உபாத்தியாயர் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. இல்லையேல் பால்மரம் வெட்டிவிட்டு வரும் தொழிலாளி. இல்லையேல் நம் கிராணியார். ஆம், நம் வர்க்கத்தவரே! காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட குரலே பகலில் 'அ, ஆ' சொல்லிக் கொடுத்தது. அக்காலத்தில் எந்தக் கிராணியாரிடமும் யோக்கியதாபத்திரம் எங்கே என்று எவரும் கேட்டதில்லை. துரைக்குச் சட்டம் நிறைவேறினால் போதும். தாய் தகப்பனுக்குப் பிள்ளை வெயிலில் அலையாமல் இருந்தால் போதும்.

பின்னர் நார்மல் வகுப்பு என்று ஒன்று வந்தது. வாரமெல்லாம் தோட்டத்தில் கற்பித்த உபாத்தியாயர்கள் ஓய்வு நாளிலே பட்டணத்துக்குச் சென்று, கற்பிக்கும் முறையைத் தாம் கற்றுத் திரும்பினர். சைக்கிளிலும் பஸ்ஸிலும் மழையில் நனைந்து போய் வந்தவர்கள் அவர்கள். கல்லூரியிலே தங்கிப் படிக்கும் பாக்கியம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1957இல் தமிழ்ப் பள்ளிகள் 888 என்று கணக்குச் சொல்லப்படுகிறது. இன்று ஏறக்குறைய 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனையாக மாறியும், வீட்டு மனைகளாகியும் போனபின் இவ்வளவாவது எஞ்சியிருக்கிறதென்றால், அதில் அந்த அரைகுறைப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களிடம் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று காப்பிக் கடையில் அமர்ந்து சிரிக்கிறவர்கள்.

வயது வந்தபின் ஏன் இந்த வேலை என்று கேட்போர்க்கு ஒரு வார்த்தை. இது அவர் தாமாக வரவழைத்துக் கொண்ட ஆசை மட்டுமன்று. 2013 முதல் 2025 வரைக்குமென அரசாங்கம் வகுத்த கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்க்குக் குறைந்தது பட்டயக் கல்வியாவது வேண்டுமென்று விதித்தது. ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளோடு பாடுபட்ட பெண்கள் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது தாம் யோக்கியதையற்றவர் ஆகிவிட்டதைக் கண்டனர். தொடக்கப் பள்ளி ஆசிரியரும் இதற்குத் தப்பியவரல்லர். பட்டயத்தோடு வேலையில் இருந்தோரைப் பட்டதாரிகளாக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டுகளில் நடந்தபோது, எத்தனையோ ஆசிரியர்கள் பள்ளி விடுமுறையைத் தம் பிள்ளைகளோடு கழிக்காமல் வகுப்பறையில் கழித்தனர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. 2000இல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகமும், 2006இல் வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும் தோன்றின. வாசல் திறந்திருக்கிறது. வாசல் வரை செல்லும் பாதையில்தான் முள்.

அம்முள்ளில் ஒன்றைக் கெடாவாசிகளே அறிவர். நம் மாநிலத்தில் ஓய்வு நாள் வெள்ளியும் சனியும். பாலத்தைத் தாண்டினால் பினாங்கு. அங்கே சனியும் ஞாயிறும். வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்தால், பாடாங் செராயிலிருந்து செல்லும் ஆசிரியைக்கு அது வேலை நாள். விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்பெடுத்தால் சம்பளம் பிடிபடும். பெட்ரோல் செலவு, பிள்ளைக்குச் சோறு, மாமியாரின் முகச்சுளிப்பு, இவையெல்லாம் பாடத்திட்டத்தில் அச்சிடப்படாத பாடங்கள்.

இந்தியாவில் நடந்ததொரு பெரிய கூத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது வந்தவர்கள் தொலைக்கல்வியில் ஆசிரியராவது என்றால் என்னவென்று அறிய அதைவிடப் பெரிய சான்று கிடையாது. நம்மவர்க்கு அது எச்சரிக்கையுமாகும்.

அங்கே 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், பயிற்சியற்ற ஆசிரியர்கள் ஐந்தாண்டுக்குள் தகுதி பெற வேண்டுமென்றது. ஐந்தாண்டு கழிந்தது, இலட்சக்கணக்கானோர் பயிற்சியின்றியே இருந்தனர். 2017 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச் 31ஆம் தேதியே கடைசி என்றனர். அதற்குள் பட்டயம் பெறாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அத்தனை பேர்க்குக் கல்லூரியில் இடம் ஏது? ஆகவே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், தொடக்கக் கல்விப் பட்டயத்தைத் தொலைக்கல்வி வழியே நடத்த முன்வந்தது. வழக்கமாக இரண்டு ஆண்டுப் படிப்பு. இது பதினெட்டு மாதம். 2017 செப்டம்பரில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு இதற்கு அங்கீகாரம் அளித்தது. பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். உலகத்தில் இத்தனை ஆசிரியர் ஒரே காலத்தில் மாணாக்கரானது வேறெங்கேனும் உண்டோ அறியோம்.

மேல்நிலைப் பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பது வாங்காதவர்கள் அதையும் மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். நாற்பது வயதில், தம் மகளோடு ஒரே பாடத்தை ஒரே விளக்கடியில் படித்த தாய்மார் இருந்திருப்பர் அல்லவா? பகலில் வகுப்பு, இரவில் ஸ்வயம் என்னும் இணையத் தளத்திலும் தொலைக்காட்சியிலும் பாடம், ஓய்வு நாளில் நேர்முக வகுப்பு, கையால் எழுதிய ஒப்படைப்பு, பட்டறை, செய்முறைக் கற்பித்தல், பரீட்சை. முடித்தார்கள்.

முடித்த பின்னர்த்தான் கூத்து தொடங்கியது. 2019 செப்டம்பரில், அங்கீகாரம் அளித்த அதே குழு, பீகார் அரசாங்கத்துக்கு எழுதிய விடையில், புதிய அரசுப் பணி நியமனத்துக்கு இந்தப் பதினெட்டு மாதப் பட்டயம் செல்லாது, இரண்டாண்டுப் பட்டயமே வேண்டும் என்றது! 2020 ஜனவரியில் பாட்னா உயர்நீதிமன்றம் அதை மறுத்து, பட்டயம் செல்லுமென்றது. 2023 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம், பதினெட்டு மாதம் இருபத்துநான்கு மாதத்துக்கு நிகராகாது என்றது. ஏற்கெனவே வேலையிலிருப்போர் வேலை இழக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு, புதிய வேலை தேடுவதற்கன்று என்பது அதன் கருத்து. மறுபடியும் வழக்கு. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், 2017 ஆகஸ்ட் 10ஆம் தேதியன்று பணியிலிருந்து, குறித்த காலத்துக்குள் முடித்தவர்களுக்கு அப்பட்டயம் செல்லுமென்று தெளிவுபடுத்திற்று. இடையிலே ஐந்தாண்டுக்கு மேல் கழிந்தன. அவ்வைந்தாண்டில் வந்த நியமனங்களெல்லாம் வந்து போயின; வயது வரம்பும் பலருக்குக் கடந்து போயிற்று. தீர்ப்பு வந்தது, போன வயது வருமா?

சட்ட நுணுக்கம் எப்படியாயினும் ஆகுக. இதிலுள்ள அநியாயத்தை மட்டும் கவனியுங்கள். ஒரே மனிதர், ஒரே பட்டயம். நேற்று நின்ற வகுப்பிலேயே நாளையும் நின்று அதே பிள்ளைகளுக்குக் கற்பிக்க அது போதும். அடுத்த தெருவிலுள்ள அரசுப் பள்ளியில் நல்ல சம்பளத்துக்குச் சேர அது போதாது. அது கற்பிக்கும் தகுதியைத் தருவதானால் இரண்டிடத்திலும் தர வேண்டும். தராதென்றால், முதலிடத்துப் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் ஏழைகளின் பிள்ளைகள், குறைந்த கட்டணப் பள்ளியின் பிள்ளைகள். ஆகையால் அரைத் தகுதி போதும் என்று மனத்துக்குள் நினைத்தாலன்றி இப்படியொரு சட்டம் எப்படிப் பிறக்கும்? இரண்டாண்டுப் படிப்பில் ஒரு பங்கு வகுப்பறையில் நின்று பழகுவதற்கென்றே உள்ளது. இவர்களோ ஆண்டுக்கணக்காக வகுப்பறையில் நின்றவர்கள். நின்ற ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஆறு மாதத்தை மட்டும் கணக்கில் எழுதும் கணக்கனை, நம் காரியாலயமாயிருந்தால் அன்றே கணக்கைத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

தொலைக்கல்வியை எதிர்ப்போரிடத்தும் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. நீந்தக் கற்பதற்குத் தண்ணீர் வேண்டும். கற்பிக்கக் கற்பதற்குப் பிள்ளைகள் வேண்டும். காகிதம் போதாது. மெய்தான். ஆனால் தண்ணீரில் ஏற்கெனவே நிற்பவரைப் பார்த்து இதைச் சொல்வதுதான் வேடிக்கை! கல்லூரி மாணாக்கனுக்குப் பிள்ளைகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். அம்மையாருக்கோ தினந்தோறும் காலை எட்டு மணிக்கு இருபது பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவருக்கு இல்லாதது வேறு: அவர் கற்பிப்பதைப் பின் வரிசையிலிருந்து பார்த்து, இது சரி, இதை இப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்ல ஒரு தேர்ந்த ஆசிரியர். அந்த ஒருவர் வந்தால் தொலைக்கல்வி கல்வியாகும். வராவிட்டால் அது கடிதப் போக்குவரத்து.

உலகில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. பாலஸ்தீன அகதிப் பள்ளிகளின் பயிற்சியற்ற ஆசிரியர்களுக்காக 1964இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் பெய்ரூத்தில் ஒரு கல்வி நிலையம் நிறுவின. ஆசிரியர்கள் தம் பள்ளியை விட்டு விலகாமலே பாடம் படித்தனர். தான்சானியாவில் 1970களின் நடுவில் எல்லாக் குழந்தைக்கும் தொடக்கக் கல்வி என்று முடிவு செய்தபோது, கல்லூரிகளால் முடியாதென்று கண்டு, கிராமத்து இளைஞர் பல்லாயிரவரை வேலையிலே வைத்தே ஆசிரியராக்கினர். நம் உறவினர் வாழும் இலங்கையிலும் 1980களில் இது நடந்தது. பயிற்சிக் கலாசாலைகளில் இடமில்லாதபோது, சிங்களத்திலும் தமிழிலும் பாடங்களை அச்சிட்டு அனுப்பி, வட்டாரந்தோறும் சந்திப்பு வகுப்பு வைத்தனர். பின்னர் ஆய்வாளர் கலாசாலைப் பயிற்சியோடு அதை ஒப்பிட்டபோது, செலவு மிகக் குறைவாயிருந்தும் பயன் அதற்கேற்பக் குறையவில்லையென்று கண்டனர். அதே ஆய்வில் இந்தோனேசியாவின் திட்டத்துக்கு அத்துணை நற்பலன் கிட்டவில்லை. ஆக, தூரமே குணமுமன்று, குற்றமுமன்று. நடத்துகிற விதத்திலே இருக்கிறது. இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணாக்கரை ஏற்றபோது, அவருள் பெருந்தொகையினர் பட்டம் பெறாத பள்ளி ஆசிரியர்களே என்பதையும் நம் ஆங்கிலப் பிரியர்கள் குறித்துக் கொள்ளலாம்.

நடத்துகிற விதத்தைக் கெடுப்பவர்களை விட்டுவிட்டு, அரசாங்கத்தை மட்டும் ஏசுவது நமக்குச் சுலபம். ஒப்படைப்புகளைக் கூலிக்கு எழுதித் தரும் வியாபாரம் பட்டணங்களில் செழித்திருக்கிறது. நம்மிடமே ஒருவர் வந்து, பக்கத்துக்கு இத்தனை வெள்ளி என்று பேரம் பேசியதுண்டு. அவர் ஆசிரியராகப் போகிறவர்! தமக்குப் பதிலாக வேறொருவரைப் படிக்க வைப்பவர், நாளை தமக்குப் பதிலாக யாரைக் கற்பிக்க வைப்பாரோ? இத்தகையோராலேதான் உண்மையாக உழைப்பவர்களின் சர்டிபிகேட்டும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. இவர்களைக் காட்டிக் காப்பிக் கடைக்காரர் சிரித்தால் நாமும் கூடச் சிரிக்கத் தயார். ஆனால் கல்லூரி விடுதியில் தங்கியும் காப்பியடிப்போர் உண்டென்பதை மறந்துவிட்டுச் சிரிக்கலாகாது.

கட்டணம் வாங்கிக் கொண்டு, பட்டயம் எதற்குச் செல்லும் எதற்குச் செல்லாது என்பதைத் தெளிவாகச் சொல்லாத நிலையங்களும் உண்டு. பட்டயமே கையில் இருந்தாலும் அரசாங்கப் பள்ளியின் கதவு தானாகத் திறந்துவிடாது. நியமனத்துக்கு வேறு விதிகள் இருக்கின்றன. 2007இல் ஏற்பட்ட மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அப்படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டலாகாது. இதைப் பார்த்துச் சொல்வது ஒரு கிராணிக்குக் கால் மணி நேர வேலை. ஆங்கிலமும் மலாயும் படிக்கத் தெரிந்த நாம், லயத்துப் பெண்களுக்கு அந்தக் கால் மணியை ஒதுக்கியிருக்கிறோமா? பாஸ்போர்ட்டுப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம், சேமநிதிப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம், படிப்புப் பாரம் என்று வந்தால் மட்டும், "இந்த வயசிலே எதற்கம்மா?" என்று இலவச உபதேசம் செய்கிறோம்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் எல்லோருடைய பிள்ளைகளும் தொலைக்கல்வி மாணாக்கராயினர். சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஒரு தொலைபேசியோடு மூன்று பிள்ளைகள் ஏறிய காட்சியை நாம் மறந்துவிட்டோமா? திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கற்பிக்கத் தடுமாறிய ஆசிரியர்களை அன்று குறை கூறினோம். திரை வழியே கற்பது எத்தனை கடினம் என்பதைத் தம் உடம்பால் அறிந்த ஓர் ஆசிரியை நம் தோட்டத்தில் உருவாகிறாரென்றால், அவரைத் தேடிப் போய் அல்லவா பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும்?

தோட்டத்துக்குத் தோட்டம் சங்கக் கட்டடம் இருக்கிறது. இரவிலே பூட்டிக் கிடக்கிறது. அதிலே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இணையத் தொடர்பு. வாரத்தில் மூன்று இரவு படிப்போர்க்குத் திறந்து விட்டால் யார் சொத்து குறைந்துவிடும்? சுங்கைப் பட்டாணியிலே சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழக வளாகம் இருக்கிறது. நம் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பயிற்சியும் அனுபவமும் பெற்று ஓய்வெடுத்த தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாதம் ஒரு காலை பாலர் வகுப்பின் பின் வரிசையில் வந்து அமர்ந்தால், மேலே நாம் சொன்ன குறை பாதி தீர்ந்துவிடும். பொன்னாடையும் மாலையும் வேண்டிய மட்டும் ஓய்வு விழாவிலேயே கொடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு நாற்காலி கொடுப்போம்.

அம்மையாருக்கு அடுத்த மாதம் இறுதிப் பரீட்சை. நாள் ஞாயிற்றுக்கிழமை, இடம் பாலத்துக்கு அப்பால். அன்று பாலர் வகுப்பை மூடுவதில்லையென்று முடிவாயிற்று. ஆயா ஒருவர் இருக்கிறார். கூட ஒருவர் வேண்டும். சென்ற வாரம் அதே காப்பிக் கடையில், அதே மேசையில், யார் வருகிறீர்கள் என்று கேட்டோம். கிராணிமார் இருவரும் கணக்கு முடிக்கும் வாரம் என்றார்கள். லாரிக்காரர் லாரியைப் பார்த்தார். ஆஸ்பத்திரி உதவியாளர் மட்டும் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சரியென்றார். நேற்று ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார், ரப்பர் விதை போட்டு வைக்கும் சிரட்டை எந்த அலமாரியில் இருக்கிறதென்று.